பாட்டா பார்த்த மூன்று வால் விமானம்

தம்பி, முதலில் உங்கள் பாட்டாவிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்: மூன்று வால் வைத்த விமானம் உண்டு. அவர் சொன்னது கதை இல்லை. சிரித்த சொந்தக்காரர்கள் அதைப் பார்க்காதவர்கள், அவ்வளவுதான்.

மற்றவர்களுக்காகத் தம்பியின் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குளச்சல் பக்கத்து ஊர், பாட்டாவுக்கு 84 வயது. அவர் திரும்பத் திரும்பச் சொல்கிற விமானக் கதைகள் மூன்று. திருக்கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்) காலத்தில் மாமன் கையைப் பிடித்துக்கொண்டு திருவனந்தபுரம் போய், வால் தரையில் பட, மூக்கு வானத்தைப் பார்க்க நின்ற ஒரு விமானத்தைப் பார்த்தது. அது கிளம்பும்போது குபீரென்று புகை வந்து, தீப்பிடித்துவிட்டது என்று பையன் அலறியது. இது ஒன்று. காமராஜர் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்த வருஷம் மெட்ராஸுக்கு ‘டக்கோட்டா’வில் போனது, சத்தத்தில் பல் கூசியது, ஜன்னலுக்குக் கீழே சக்கரம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தது. இது இரண்டு. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கிய சமயத்தில் முட்டம் பாறையில் உட்கார்ந்திருந்தபோது, கடலுக்கு மேலே தாழப் பறந்த நாலு எஞ்சின் விமானத்துக்கு மூன்று வால் இருந்தது. இது மூன்று. இவையெல்லாம் என்ன விமானங்கள், இப்போதும் எங்கேயாவது பார்க்கக் கிடைக்குமா என்பது கேள்வி.

நான் விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தாம்பரத்தில் படித்து, பிறகு சர்வீஸில் பாதிக்குமேல் ஆவ்ரோ என்ற இரட்டை எஞ்சின் போக்குவரத்து விமானங்களோடு கழித்தேன். இப்போது தக்கலையில் வீடு. ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கதையிலிருந்து தொடங்குவோம், அதில்தானே பாட்டாவின் மானம் இருக்கிறது.

அவர் பார்த்தது லாக்ஹீட் சூப்பர் கான்ஸ்டலேஷன். மூன்று செங்குத்து வால், டால்ஃபின் மாதிரி வளைந்த உடம்பு, நான்கு எஞ்சின், குதிரைக்கால் போல நீண்ட முன்சக்கரம். 1972-ல் நம் கடலோரத்தில் நாலு எஞ்சினும் மூன்று வாலுமாகப் பறக்க வேறு விமானம் கிடையாது. ஏன் மூன்று வால் என்றால், அவ்வளவு பெரிய விமானத்தைத் திருப்ப ஒற்றை வால் வைத்தால் அது மாடி உயரத்துக்குப் போய்விடும். அந்தக் காலத்து ஹேங்கர் (விமானக் கொட்டகை) கதவுக்குள் நுழையாது. அதனால் உயரத்தைக் குறைத்து, ஒன்றை மூன்றாகப் பிரித்து வைத்தார்கள்.

இந்தக் கான்ஸ்டலேஷன் விமானக் குடும்பத்துக்கும் நமக்கும் பழைய உறவு. 1948 ஜூன் 8-ஆம் தேதி ஏர் இந்தியா இன்டர்நேஷனல் தன் முதல் வெளிநாட்டுப் பயணத்தை, பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு, ‘மலபார் பிரின்சஸ்’ என்ற கான்ஸ்டலேஷனில்தான் நடத்தியது. 1950 நவம்பரில் அதே விமானம் மோன் பிளாங்க் மலையில் மோதி, இருந்த 48 பேரும் இறந்துபோனார்கள். பிறகு 1954-ல் அதைவிட நீளமான சூப்பர் கான்ஸ்டலேஷன்கள் வந்தன. ஆறே வருஷம், 1960-ல் போயிங் 707 ஜெட் வந்ததும் இவற்றுக்கு மவுசு போயிற்று. கல்யாணப் பட்டு பழசானால் தலையணை உறை ஆகிற மாதிரி, பயணிகளைச் சுமந்த இந்த ராணிகள் விமானப்படைக்கு மாற்றப்பட்டுக் கடலைக் காவல் காக்கிற வேலைக்கு வந்தன. 1976-ல் அந்தக் காவல் வேலையே விமானப்படையிடமிருந்து கடற்படைக்குப் போனது. விமானங்களும் கூடவே போயின. 1980-களின் தொடக்கம் வரை கோவாவிலிருந்து பறந்தன.

மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்குக் காவல் சுற்றப் போகிற விமானம் கடல் மேலேயே போகிறதென்றால் குமரிமுனையைச் சுற்றித்தான் ஆகவேண்டும். கப்பலைப் பார்த்து அடையாளம் எடுக்கத் தாழவும் இறங்க வேண்டும். முட்டம் பாறையில் உட்கார்ந்திருந்தவர் கண்ணில் பட்டது அதிசயமே இல்லை.

ஒரே ஒரு சந்தேகம் வரலாம். ‘மூன்று இல்லை, இரண்டு வால்தான்’ என்று பாட்டா எப்போதாவது மாற்றிச் சொன்னால், கதை வேறு. அது பி-24 லிபரேட்டர். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கான்பூரில் போட்டுவிட்டுப் போன அமெரிக்கத் தயாரிப்பு குண்டுவீச்சு விமானங்கள் அவை. இனிப் பறக்கக் கூடாது என்று வேண்டுமென்றே உடைத்துப் போட்டிருந்தார்கள். பெங்களூர் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பையிலிருந்து ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றில் பூட்டி, பெங்களூருக்குப் பறக்க வைத்து, முழுசாகச் சரிசெய்து விமானப்படைக்குக் கொடுத்தார்கள். அவை 1968 கடைசி வரை ஓடின. இன்று லண்டனிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் அருங்காட்சியகங்களில் நிற்கிற லிபரேட்டர்களில் சில நம்மிடமிருந்து போனவை. குப்பை என்று விட்டுப்போனதை நம்மிடமே திரும்பக் கேட்டு வாங்கினார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்னச் சந்தோஷம். ஆனால் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கியது 1972 அக்டோபரில். லிபரேட்டர் அதற்குள் ஓய்வு பெற்றாயிற்று. எனவே மூன்று வால்தான்.

இனி முதல் கதை. அதில் குழப்பமே இல்லை, டக்கோட்டா. டக்ளஸ் டி.சி.-3. மூக்கை நிமிர்த்தி, வாலைத் தரையில் ஊன்றி, நாய் உட்கார்ந்திருப்பது போல நிற்கும். உள்ளே ஏறினால் இருக்கைக்குப் போவதே மேடு ஏறுகிற மாதிரி இருக்கும். போர் முடிந்ததும் ராணுவ டக்கோட்டாக்கள் மலிவு விலைக்கு வந்தன. நாட்டில் புதிது புதிதாக முளைத்த விமானக் கம்பெனிகள் எல்லாம் அதைத்தான் வாங்கின. 1953 ஆகஸ்டில் எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது கைக்கு வந்த 99 விமானங்களில் 74 டக்கோட்டா.

தீப்பிடித்துவிட்டது என்று பாட்டா அலறியது ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்தப் புகையை நான் தின்றிருக்கிறேன். டக்கோட்டாவின் எஞ்சின் ரேடியல் வகை. 14 சிலிண்டர், இரண்டு வரிசையாகப் பூப்போல வட்டமாக அடுக்கியிருக்கும். வட்டம் என்றால் சில சிலிண்டர் தலைகீழாகத் தொங்கும் இல்லையா? எஞ்சின் நின்றிருக்கும்போது எண்ணெய் மெதுவாக வடிந்து அந்தக் கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். காலையில் கிளப்பும்போது அந்த எண்ணெய் எரிந்து வெள்ளையும் நீலமுமாகப் புகை தள்ளும். அதனால்தான் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் ஆட்கள் புரொப்பல்லரைக் கையால் பிடித்துத் தள்ளிச் சுற்றுவார்கள். எத்தனை இதழ் கடந்தது என்று எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். எண்ணெய் நிறையத் தேங்கிய சிலிண்டரோடு எஞ்சினைச் சுழற்றினால் கனெக்டிங் ராட் வளைந்து எஞ்சினே போச்சு. எண்ணெயை அமுக்க முடியாதே. பயிற்சி முடித்த புதிதில் நான் பேச்சு வாக்கில் எண்ணிக்கையைத் தப்ப விட்டேன். மேலே இருந்த ஒரு சார்ஜென்ட், ‘முதலிலிருந்து’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போனார். கை வலித்ததைவிட அந்த ஒரு சொல் வலித்தது.

இரண்டாவது கதையில்தான் பாட்டா தவறுகிறார். அதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். 1969-ல் அவர் போனது டக்கோட்டா இல்லை, ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப். எஃப்-27.

எதை வைத்துச் சொல்கிறேன்? இரண்டு சாட்சி. ஒன்று சக்கரம். டக்கோட்டாவின் இறக்கை பயணிகளின் காலடியில் இருக்கும். ஜன்னல் வழியே குனிந்து பார்த்தால் இறக்கையின் முதுகுதான் தெரியும், சக்கரம் தெரியாது. ஃபோக்கருக்கு இறக்கை தலைக்கு மேலே. எஞ்சின் அதிலிருந்து தொங்கும். அந்த எஞ்சினின் பின்புறத்திலிருந்துதான் சக்கரம் நீளக் காலோடு கீழே இறங்கும், ஜன்னலுக்கு நேர் எதிரே. முதல் தடவை போகிறவர்கள் ஏதோ கழன்று விழுகிறது என்று பயப்படுவார்கள். உங்கள் பாட்டா அதை ரசித்திருக்கிறார், கெட்டிக்காரர்.

இரண்டாவது சாட்சி பல் கூசியது. டக்கோட்டாவின் சத்தத்தில் பல் கூசாது, நெஞ்சுதான் அதிரும். பாரம் ஏற்றிய பழைய லேலண்ட் பஸ் ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்றில் முக்குகிற சத்தம் அது. பல் கூச வைப்பது ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் எஞ்சின். சாணை பிடிக்கிறவர் கத்தியைக் கல்லில் வைத்ததும் ஒரு கீச்சு கிளம்புமே, அதை நூறு மடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள். டார்ட் ஒரு டர்போபுரொப், அதாவது ஜெட் எஞ்சின் மாதிரியான டர்பைனால் புரொப்பல்லரைச் சுற்றுகிற வகை. உள்ளே காற்றை அமுக்குகிற கம்பிரசர் சக்கரங்கள் நிமிஷத்துக்கு 15,000 சுற்று வரை போகும். அதைப் பல்சக்கரம் வைத்துக் குறைத்துத்தான் புரொப்பல்லருக்குக் கொடுப்பார்கள். புரொப்பல்லர் சுற்றுவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாம் கேட்கிற கீச்சு அந்தக் கம்பிரசருடையது. தரையில் மெதுவாக ஓடும்போதுதான் அது மோசம். இருபது வருஷம் அதன் பக்கத்தில் நின்றதற்கு என் வலது காதே சாட்சி. வீட்டில் மனைவி கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால் ‘டார்ட் காது’ என்பாள். வசதியாகத்தான் இருக்கிறது.

இதே டார்ட் எஞ்சின்தான் ஆவ்ரோவிலும் இருந்தது, வைக்கவுண்ட் என்ற பயணிகள் விமானத்திலும் இருந்தது. சத்தத்தை மட்டும் வைத்து மூன்றையும் பிரிக்க முடியாது. ஆனால் வைக்கவுண்ட்டுக்கு நாலு எஞ்சின். ஆவ்ரோவுக்கு இறக்கை கீழே, சக்கரம் கண்ணில் படாது. ஆகவே ஃபோக்கர். இந்தியன் ஏர்லைன்ஸ் 1961-லிருந்து அதை ஓட்டியது, வருஷமும் பொருந்துகிறது.

பிறகு ஏன் பாட்டா அதை டக்கோட்டா என்கிறார்? நகல் எடுக்கிற மெஷின் எதுவானாலும் ஜெராக்ஸ் என்று சொல்கிறோம் இல்லையா, அப்படித்தான். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊரில் ஃபேன் வைத்த பிளேன் எல்லாமே டக்கோட்டா, ஃபேன் இல்லாதது ஜெட். மூன்றாவது ஜாதி கிடையாது. கொஞ்ச காலத்தில் அந்தப் பெயர் இன்னும் கீழே இறங்கி, கதவு ஆடுகிற பழைய பஸ்ஸையும் டக்கோட்டா என்றார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். அவ்வளவு நம்பிக்கையான விமானத்தின் பெயரைப் போய் ஓட்டை வண்டிக்கு வைப்பதா?

ஆவ்ரோவைப் பற்றி நான் தொடங்கினால் நிறுத்த மாட்டேன், அதனால் ஒன்றே ஒன்று. கான்பூரில் கட்டப்பட்ட முதல் ஆவ்ரோ பறந்தது 1961 நவம்பர் 1. நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளின் ஐந்தாம் வருஷ நிறைவு அன்று. நான் வேலை செய்த காலத்தில் இதைக் கண்டுபிடித்து எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். வடக்கத்தி ஆட்கள் ‘அதற்கு என்ன?’ என்றார்கள்.

விமான நிலையமே இல்லாத மாவட்டத்தில் உங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் எப்படி இத்தனை விமான நினைவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். காற்றுதான் காரணம். விமானம் எப்போதும் எதிர்க்காற்றில் இறங்கவே விரும்பும். திருவனந்தபுரம் ஓடுபாதை வடமேற்குக்கும் தென்கிழக்குக்குமாகக் கடற்கரையை ஒட்டிப் படுத்திருக்கிறது. காற்று பெரும்பாலும் கடல் பக்கமிருந்து, மேற்கும் வடமேற்குமாக வீசும். அப்படியானால் விமானம் தென்கிழக்கிலிருந்து வந்து இறங்க வேண்டும். தென்கிழக்கு என்றால் நம் பக்கம். தேங்காப்பட்டணம், கொல்லங்கோடு, பூவார், விழிஞ்ஞம் என்று கரையோரமாக உயரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். சாயங்காலம் குளச்சல் கடற்கரையில் நின்றால் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக வடமேற்கே போவது இப்போதும் தெரியும். நாகர்கோவில் ஆட்களைவிடக் கடலோர ஆட்களுக்கு விமானம் கூடுதலாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

அந்த விமான நிலையமும் ஒரு காலத்தில் நம் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துடையது என்பதை இளையவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1935 அக்டோபர் 29-ல் டாட்டா ஏர்லைன்ஸின் ஃபாக்ஸ் மாத் விமானம் நெவில் வின்சென்ட் ஓட்ட, மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் எழுதிய பிறந்தநாள் வாழ்த்தைச் சுமந்துகொண்டு திருவனந்தபுரத்தில் இறங்கியது. மூன்று நான்கு பேர் முன்னால் மூடிய பெட்டிக்குள் உட்கார, ஓட்டுகிறவர் மட்டும் பின்னால் வெட்டவெளியில் மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்திருக்கிற மர விமானம் அது. நம் ஊர் மாட்டுவண்டியில்கூட ஓட்டுகிறவர்தான் முன்னால். திரும்பிப் போகும்போது திருவிதாங்கூர் அஞ்சலின் தபாலை நவம்பர் 1-ல் பம்பாய்க்கு எடுத்துப்போனது. அப்போது நாகர்கோவில், தக்கலை, குளச்சல் எல்லாம் அந்த அஞ்சலின் கீழ்தான்.

போர்க்காலக் கதைகள் இன்னும் மூத்த தலைமுறையோடு போய்விட்டன. என் ஆச்சி ‘கடல்ல உக்காருத பிளேன்’ என்று ஒன்றைச் சொல்வாள். அது கேட்டலினா பறக்கும் படகு. இலங்கையின் தென்முனையில் கொக்கலை ஏரியிலிருந்தும் சென்னையில் செங்குன்றம் ஏரியிலிருந்தும் அவை பறந்தன. 1942 ஏப்ரல் 4-ல் கொக்கலையிலிருந்து கிளம்பிய கனடாக்காரர் பிர்ச்சால் இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் செய்தியை அனுப்பிவிட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. செய்தி போயிருந்ததால் துறைமுகத்தில் கப்பல்கள் குறைவு. நம் கரையிலிருந்து அதிக தூரம் இல்லாத கடல்.

வளைகுடாவுக்குப் போன தலைமுறையின் ஏர்பஸ், போயிங் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கு ஞாபகம் விமானம் இல்லை, வாசலில் அழுத வீட்டார்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் மறக்க முடியாதது டுபோலெவ் 142. 1992-லிருந்து அரக்கோணத்திலிருந்து பறந்த ருஷ்ய விமானம். நாலு எஞ்சின், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுற்றும் இரண்டு புரொப்பல்லர், ஒவ்வொரு எஞ்சினும் ஏறக்குறைய 15,000 குதிரைசக்தி. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது ஒருநாள் மதியம் கடலுக்கு மேலே அது போனது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பாறையில் வைத்திருந்த உள்ளங்கையில் அதிர்வு தெரிந்தது. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 2017 மார்ச் 29-ல் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். அதே வருஷம் நவம்பர் 30-ல் ஒக்கி புயல். அதற்குப் பிறகு பல நாள் டார்னியர் என்ற சின்ன ரோந்து விமானமும் ஹெலிகாப்டரும் காணாமல் போன மீனவர்களைத் தேடிக் கடல் மேலே பறந்தன. கரையில் நின்றவர்கள் ஒவ்வொரு சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் இப்போது விமானச் சத்தம் என்றால் சிலருக்கு அதுதான் முதலில் நினைவு வரும். அவர்களிடம் போய் நான் எஞ்சின் கதை பேசுவதில்லை.

இனி எங்கே பார்க்கலாம் என்பது. பாட்டாவுக்கு உடம்பு ஒத்துழைத்தால் கோவாவுக்கே கூட்டிப்போங்கள். வாஸ்கோவில் கடற்படையின் விமான அருங்காட்சியகத்தில் ஒரு சூப்பர் கான்ஸ்டலேஷன் நிற்கிறது. நாகர்கோவிலிலிருந்து கொங்கண் வழியே ரயிலில் மட்காவ் போய் இறங்கினால் பக்கம். கடல் காற்றில் வெளிறித்தான் இருக்கும், ஆனால் வால் மூன்றும் பத்திரமாக இருக்கிறது. விரல் விட்டு எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், சிரித்தவர்களுக்குக் காட்டலாம். டக்கோட்டாவை இன்னும் பறக்கும் நிலையில் விமானப்படை வைத்திருக்கிறது. ‘பரசுராமா’ என்று பெயர் வைத்து 2018-ல் பிரிட்டனிலிருந்து கொண்டுவந்தது. 1947 அக்டோபர் 27-ல் ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய விமானத்தின் எண்ணான வி.பி.-905 அதன் உடம்பில் எழுதியிருக்கும். விமானப்படை தினத்தை ஒட்டிய சாகசக் காட்சிகளில் அதைப் பறக்கவிடுவார்கள். டுபோலெவ் விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கிறது, உள்ளே ஏறியும் பார்க்கலாம். டார்ட்டின் கீச்சைக் கேட்கவேண்டுமானால் சீக்கிரம் கேட்க வேண்டும். விமானப்படையின் ஆவ்ரோக்களுக்குப் பதிலாக 56 சி-295 விமானங்களுக்கு 2021-லேயே ஒப்பந்தம் போட்டு, 2023-லிருந்து அவை வந்துகொண்டிருக்கின்றன.

பாட்டாவிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மெட்ராஸில் இறங்கி விமானம் நின்றபோது, பிரேக் பிடிக்கப் பிடிக்க ‘உஸ்ஸ்’ என்று காற்று விடுகிற சத்தம் கேட்டதா? மற்ற பயணிகள் விமானங்களில் பெரும்பாலும் பிரேக்கும் சக்கரமும் ஹைட்ராலிக் எண்ணெயில் வேலை செய்யும். இந்த ஃபோக்கரில் அழுத்திய காற்று, லாரி மாதிரி. ‘ஆமா மக்கா, பாண்டி லாரி நிக்க மாதிரி இருந்துது’ என்று அவர் சொன்னால், மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.